மூளை அடைப்பை இழுத்தெடுத்த பிறகு ரத்தக்குழாயைக் காப்பது எப்படி: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு கையேடு

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டு வரும் பக்கவாதத்துக்கு இன்று இருக்கும் வலுவான சிகிச்சை, கத்தீட்டர் என்ற மெல்லிய குழல் வழியே உள்ளே போய் ரத்தக்கட்டியை இழுத்தெடுப்பதுதான். டிஸ்சார்ஜ் சீட்டில் மெக்கானிக்கல் த்ராம்பெக்டமி என்று எழுதியிருப்பார்கள். 2015-ல் நெதர்லாந்தின் எம்ஆர் கிளீன் ஆய்வும், அதே ஆண்டில் அடுத்தடுத்து வந்த நான்கு ஆய்வுகளும் இதன் பலனை நிலைநாட்டின. ஐந்தையும் சேர்த்துப் பார்த்த ஹெர்மிஸ் கணக்கின்படி, ஏறத்தாழ மூன்று பேருக்குச் செய்தால் ஒருவருக்கு ஊனம் ஒரு படியாவது குறைகிறது. மருத்துவத்தில் இது பெரிய எண்.

ஆனால் "அடைப்பு திறந்தாச்சு" என்று டாக்டர் சொன்னதும் எல்லாம் முடிந்தது என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். சில சமயம் வார்டில் இருப்பவர்களும் அப்படித்தான். கட்டி வெளியே வந்த வழி முழுக்க ரத்தக்குழாயின் உட்சுவர் உரசப்பட்டிருக்கிறது. அந்தச் சுவர் ஆறும்வரை அங்கே மறுபடி அடைக்கலாம், கசியலாம், கிழிசல் பெரிதாகலாம், நாள்பட்டுச் சுருங்கவும் செய்யலாம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் செவிலியர்களும் டியூட்டி டாக்டர்களும், திருவனந்தபுரத்திலோ திருநெல்வேலியிலோ மதுரையிலோ சிகிச்சை முடிந்து ஆளை வீட்டுக்குக் கூட்டிவரும் குடும்பத்தாரும் கையில் வைத்துக்கொள்ள இதை எழுதுகிறோம்.

சுவரில் என்ன நடக்கிறது

ரத்தக்குழாய்ச் சுவர் மூன்று அடுக்கு. உள்ளே ஒற்றை வரிசைச் செல்களாலான எண்டோதீலியம், நடுவில் தசை, வெளியே நார். உள்ளடுக்குக்கும் தசைக்கும் நடுவே மீள்தன்மை கொண்ட மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. கை, கால், இதயம் ஆகிய இடங்களின் தமனிகளை விட மூளைத் தமனிகள் மெலிந்தவை: தசையடுக்கு குறைவு, வெளிப்புற மீள்சவ்வு கிடையாது, தாங்கிப் பிடிக்கச் சுற்றிலும் சதையும் இல்லை. மண்டைக்குள் திரவத்தில் மிதந்தபடி இருக்கின்றன. அதனால்தான் மூளைக்குள் ஒரு துளை விழுந்தால் ரத்தம் நேராக மூளையைச் சுற்றிய இடைவெளியில் பரவுகிறது.

கட்டியை எடுக்க முக்கியமாக இரண்டு கருவிகள். ஒன்று ஸ்டென்ட் ரிட்ரீவர்: நிட்டினால் என்ற உலோகக் கம்பியாலான வலைக்குழல். கட்டிக்குள் விரிந்து, அதைக் கவ்வி, வெளியே இழுக்கப்படுகிறது. நடுப் பெருமூளைத் தமனியின் முதல் பகுதியான எம்1 பெரும்பாலும் 2.5 முதல் 3 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்டது. அதற்குள் விரியும் வலையோ 4 அல்லது 6 மில்லிமீட்டர் அகலத்தில் செய்யப்பட்டது. ஆகவே அது சுவரை அழுத்திக்கொண்டேதான் நகரும். மற்றொன்று உறிஞ்சு கத்தீட்டர்: நுனியைக் கட்டியில் ஒட்டி, பம்பால் உறிஞ்சி இழுப்பது. உறிஞ்சுவதில் உரசல் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். பன்றிகளின் தமனிகளில் செய்து திசுவைப் பார்த்த ஆய்வுகளில் இரண்டு முறையிலும் எண்டோதீலியம் உரிந்திருந்தது.

காயத்தின் ஆழம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு இது உடனே புரியும்: கத்தி பட்டையோடு நின்றால் மறுபட்டை வழவழப்பாக வளரும், தடியைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். எண்டோதீலியம் மட்டும் உரிந்தால் சில நாள் முதல் சில வாரத்துக்குள் பக்கத்துச் செல்கள் பரவி மூடிவிடும். மீள்சவ்வு கிழிந்து தசையும் காயப்பட்டால், தசைச் செல்கள் உள்நோக்கி வளர்ந்து, சில மாதங்களில் குழாய் அந்த இடத்தில் குறுகலாம். பெரும்பாலும் அது அறிகுறி எதையும் காட்டுவதில்லை.

காயங்களை வரிசைப்படுத்திச் சொன்னால்: முதலில் வாசோஸ்பாசம், அதாவது குழாயின் தசைப்பிடிப்பு. கருவி பட்ட தசை சட்டென்று சுருங்குகிறது. கழுத்துக் கரோட்டிட் தமனியில் கைடு கத்தீட்டர் (மற்ற கருவிகளுக்கு வழிவிடும் பெரிய குழல்) நுனி நிற்கும் இடத்திலும், எம்1, அதன் கிளைகளான எம்2 பகுதியிலும் இது சாதாரணம், இளம் வயதினருக்கு இன்னும் அதிகம். கருவியை விலக்கி ஐந்து பத்து நிமிடம் காத்தால் பெரும்பாலும் தானே விடும். அடுத்தது உரிந்த இடத்தில் பிளேட்லெட் (ரத்தத்தை உறையவைக்கும் நுண்துகள்) ஒட்டி மறுபடி அடைப்பது. மூன்றாவது டிசெக்ஷன்: உள்ளடுக்கு கிழிந்து, ரத்தம் சுவருக்குள் புகுந்து, குழாயை உள்ளிருந்தே நெரிக்கிறது. இது கழுத்துப் பகுதியில்தான் அதிகம். கடைசியாகவும் மோசமாகவும் துளை விழுதல். இது அரிது, வந்தால் உயிருக்கு ஆபத்து.

பலர் கவனிக்காத இன்னொன்று இழுவை. வலையை இழுக்கும்போது எம்1 தமனி நேராக நீள்கிறது. அதிலிருந்து மூளையின் ஆழத்துக்குப் போகும் மயிரிழைக் கிளைகளும் சேர்ந்தே இழுபடுகின்றன. அவற்றில் ஏதாவது அறுந்தால் மறுநாள் சி.டி.யில் மூளை மடிப்புகளில் மெல்லிய வெள்ளைக் கோடாக ரத்தம் தெரியும். ஆள் தெளிவாக இருந்து, கோடு மெல்லியதாகவும் இருந்தால் கண்காணிப்பு போதும். தடித்திருந்தாலோ, ஆளின் நிலை மோசமானாலோ அது வேறு கதை.

நேரம் போனால் சுவரும் கெடும்

அடைபட்ட ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன என்ற கணக்கைப் பலர் கேட்டிருப்பார்கள். அதே நேரத்தில் கட்டியும் சுவரோடு ஒட்டிக்கொண்டு போகிறது, நாரும் பிளேட்லெட்டும் சேர்ந்து இறுகுகிறது. கட்டிக்கு அப்பால் ரத்தமில்லாமல் கிடக்கும் எண்டோதீலியமும் பலவீனப்படுகிறது. இரண்டு மணி நேரத்தில் ஒரே இழுப்பில் வழுக்கி வரும் கட்டிக்கு, எட்டு மணி நேரம் கழித்து மூன்று நான்கு இழுப்பு தேவைப்படலாம். ஒவ்வோர் இழுப்பும் சுவருக்குக் கூடுதல் காயம். ஆக, வீட்டார் சேமிக்கும் நேரம் மூளைக்கு மட்டுமல்ல, குழாய்க்கும் சேமிப்பு.

வாய் கோணல், ஒரு பக்கக் கை தொங்கல், பேச்சுக் குழறல் ஆகிய மூன்றில் ஒன்று போதும், 108-ஐ அழைக்க. அவற்றோடு இரு கண்ணும் ஒரே பக்கமாகத் திரும்பி நிற்கிறது என்றால் பெரிய குழாய் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். போனிலேயே இதைச் சொல்லுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினும் வேண்டாம், ஏனென்றால் அடைப்பா கசிவா என்பது சி.டி. எடுக்கும்வரை தெரியாது. பி.பி. அதிகம் என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கவே கூடாது. அடைப்பைச் சுற்றிக்கொண்டு வரும் பக்கவழி ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருப்பது அந்த அழுத்தம்தான்.

"கடைசியாக நன்றாக இருந்ததை எப்போது பார்த்தீர்கள்?" என்ற கேள்விக்குச் சரியான பதில் வேண்டும். இந்த மாவட்டத்தில் இது அடிக்கடி தவறுகிறது. ரப்பர் வெட்டப் போனவர் காலை ஏழு மணிக்குத் தோட்டத்தில் கிடந்தார் என்றால், ஏழு மணி அல்ல நேரம். விடிவதற்கு முன்னால் கட்டன் சாயா குடித்துவிட்டு வீட்டிலிருந்து இறங்கிய நேரம்தான். இடையில் யாராவது அவரோடு போனில் பேசியிருந்தால் அந்த அழைப்பின் நேரம். குளச்சல், முட்டம் பக்கம் கடலில் வைத்து வந்தால், படகில் கூட இருந்தவரின் போன் எண்ணை ஆம்புலன்சில் ஏறுபவர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நேரம் தெரியாவிட்டாலும் நம்பிக்கை போய்விடவில்லை: 2018-ல் வந்த டான் ஆய்வு 6 முதல் 24 மணி நேரம் வரையிலும், டிஃபியூஸ் 3 ஆய்வு 6 முதல் 16 மணி நேரம் வரையிலும், ஸ்கேனில் மீட்கக்கூடிய மூளைப்பகுதி மிச்சமிருந்தால் பலன் உண்டு என்று காட்டின.

முதலில் சேர்க்கும் ஆஸ்பத்திரி, அது ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும், சாதா சி.டி.யோடு கழுத்தையும் மூளையையும் சேர்த்து, ரத்தக்குழாயைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோவையும் ஒரே படுக்கையில் எடுத்துவிடுவது நல்லது. வேறிடத்துக்கு அனுப்புவதானால், 4.5 மணி நேரத்துக்குள் இருப்பவருக்குக் கட்டி கரைக்கும் ஊசியைத் தொடங்கிவிட்டு அனுப்புவதே முறை. ஆல்டிபிளேஸ் என்றால் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், மொத்தம் 90-க்கு மேல் போகாமல். பத்தில் ஒரு பங்கு உடனே, மீதி ஒரு மணி நேரத்தில். பம்பு ஓடிக்கொண்டே என்.எச். 66-ல் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலைத் தாண்ட வேண்டியிருக்கும். ஒரே ஊசியாகப் போடும் டெனெக்டிபிளேஸ் இந்த வகையில் வசதி. ஊசி போடும் முன் பி.பி. 185/110-க்குக் கீழேயும், போட்டபின் வழியிலும் 180/105-க்குக் கீழேயும் இருக்க வேண்டும். கேரளத்துக்குள் போவதானால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே ஏற்கப்படுமா என்பதை வண்டி கிளம்பிய பிறகு போனில் கேளுங்கள், அதற்காக வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள்.

கேத் லேபில் (கத்தீட்டர் சிகிச்சை அறையில்) சுவரைக் காக்கும் கைப்பழக்கம்

இந்தப் பகுதி முக்கியமாக டாக்டர்களுக்கும் டெக்னீசியன்களுக்கும். வீட்டார் படித்தால், உள்ளே ஏன் நேரமாகிறது என்பது புரியும்.

முன்னால் போகும் 0.014 அங்குல வழிகாட்டிக் கம்பி கட்டியைத் தாண்டும் கட்டம் குருட்டுக் கட்டம். கட்டிக்கு அப்பால் குழாய் எப்படிப் போகிறது என்று படத்தில் தெரியாது. நேர் நுனியோடு தள்ளினால் சின்னக் கிளைக்குள் புகுந்து துளைத்துவிடும். நுனியை ஜே வடிவில் வளைத்து, வளைவு முன்னே போகும்படி நகர்த்துவது பாதுகாப்பு. மைக்ரோகத்தீட்டர் தாண்டியதும், படத்தில் குழாயைக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தை மெல்லச் செலுத்திப் பார்க்கும்போது எதிர்ப்பு தெரிந்தால் அங்கே வலையை விரிக்கக் கூடாது, கொஞ்சம் பின்னிழுக்க வேண்டும். பேஷன்ட் ஆடுவதும் துளைக்கு ஒரு காரணம். வலது கைகால் விழுந்து பேச்சும் போனவருக்குச் சொன்னது புரியாது, படுக்கையில் துள்ளுவார். மயக்க மருந்து டாக்டர் அருகில் இருக்க வேண்டும். ஆனால் குழாய் திறக்கும்வரை மேல் அழுத்தம் 140-க்குக் கீழே விழவும் கூடாது.

வலை விரிந்ததும் மூன்று முதல் ஐந்து நிமிடம் காத்திருப்பது கட்டி கம்பிக்குள் பதிய. அவசரப்பட்டு இழுத்தால் கட்டியின் மேல் சறுக்கி வெறும் வலை வரும். சுவர் உரிந்ததுதான் மிச்சம். பலூன் கைடு கத்தீட்டர் இருந்தால் கரோட்டிடில் பலூனை ஊதி, ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, பின்னிருந்து உறிஞ்சியபடி இழுக்க வேண்டும். துணுக்குகள் மேலே சிதறுவது இதனால் குறையும். இடைநிலை உறிஞ்சு கத்தீட்டரைக் கட்டியின் வாசல்வரை கொண்டுபோய் வைத்தால் இழுவை தமனியின் போக்கிலேயே அமையும், எம்1 நேராக நிமிர்ந்து கிளைகளை இழுப்பது குறையும். சீராக, நிறுத்தாமல், மெதுவாக இழுக்க வேண்டும். வலை நகரவே இல்லை என்றால் பலம் போடக் கூடாது. அங்கே பழைய கொழுப்புச் சுருக்கம் இருக்கலாம். மைக்ரோகத்தீட்டரை மறுபடி மேலே ஏற்றி வலையைப் பாதி மூடிய பிறகே பின்னிழுப்பது.

முதல் இழுப்பிலேயே முழுதாகத் திறந்தவர்களே நன்றாகத் தேறுகிறார்கள். மூன்று இழுப்புக்குப் பிறகு ஒவ்வொன்றும் யோசித்துச் செய்ய வேண்டியது. எம்2-வின் சின்னக் கிளைகள், அதற்கும் அப்பால் உள்ள மெல்லிய குழாய்கள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும் என்பது எங்கள் கருத்து. 2025-ல் வெளியான எஸ்கேப் மெவோ, டிஸ்டல் ஆகிய இரண்டு ஆய்வுகளிலும் நடுத்தர, சின்னக் குழாய்களில் கட்டியை இழுத்தது, மருந்து மட்டும் கொடுத்ததை விடப் பலன் தரவில்லை. படத்தில் அடைப்பு தெரிகிறதே, கருவியும் எட்டுகிறதே என்பது போதாத காரணம்.

குழாய் திறந்ததும் உடனே வெளியே வந்துவிடாமல் 10 முதல் 20 நிமிடம் காத்து மறுபடி ஒரு படம் எடுக்க வேண்டும். நம் நாட்டில் மூளைக்குள் இருக்கும் தமனிகளிலேயே கொழுப்புச் சுருக்கம் அதிகம். திறந்த இடம் கண்ணெதிரே மெல்ல மூடுவதை இந்த இரண்டாம் படம்தான் காட்டும். அது வாசோஸ்பாசமா, பழைய கொழுப்புச் சுருக்கமா, டிசெக்ஷனா என்று பிரிக்க வேண்டும். நிமோடிபின் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டதும் விரிந்தால் வாசோஸ்பாசம். அதே இடத்தில் அசையாமல் நின்றால் சுருக்கம். சுவரோரம் மெல்லிய மடல் தெரிந்தால் கிழிசல். சுருக்கத்துக்குப் பலூனோ நிரந்தர ஸ்டென்டோ தேவைப்படலாம். அப்போது பிளேட்லெட் ஒட்டாமல் தடுக்கும் இரண்டு மருந்தும் உடனே தேவைப்படும், கசிவு அபாயமும் கூடும்.

துளை விழுந்ததன் அறிகுறி: கான்ட்ராஸ்ட் மருந்து குழாய்க்கு வெளியே பரவுவது, பி.பி. சட்டென்று ஏறி நாடி குறைவது, விழித்திருப்பவர் தலைவலி என்று அலறுவது. முதலில் கம்பியைப் பதறி வெளியே எடுக்காதீர்கள். ஹெப்பாரின் கொடுத்திருந்தால் 100 யூனிட்டுக்கு 1 மில்லிகிராம் கணக்கில் புரோட்டமின். ஆல்டிபிளேஸ் ஓடினால் நிறுத்தி, கிரையோபிரெசிபிடேட் 10 யூனிட். பி.பி.யைக் குறைத்து, பலூனைக் கீழே ஊதி ஓட்டத்தைத் தடுத்து, சில நிமிடம் காத்துப் படம் எடுங்கள். நிற்கவில்லை என்றால் காயில் என்ற கம்பிச்சுருள் அல்லது பசை வைத்து அந்தக் கிளையை மூட வேண்டும். அந்தக் கிளை போனாலும் ஆள் மிஞ்சுவார்.

முதல் 24 மணி நேரம்: வார்டில்

முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒருமுறை. இதில் மூன்றைப் பார்க்க வேண்டும்: உணர்வும் கைகால் பலமும், பி.பி., துளையிட்ட இடமும் கால் நாடியும். பி.பி. மட்டும் எழுதிவிட்டுப் போவது நிறைய நடக்கிறது.

பி.பி.யில் இரு பக்கமும் பள்ளம். 180/105-ஐத் தாண்டினால் உரிந்த, கசியும் சுவர்வழி ரத்தம் மூளைக்குள் பாயும். லாபெட்டலால் 10 மில்லிகிராம் ஒன்றிரண்டு நிமிடத்தில் மெதுவாக ஏற்றுவது வழக்கம். அதற்காக மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழே தள்ளவும் கூடாது. 2022-ல் சீனாவில் நடந்த என்சான்டட்2 எம்.டி. ஆய்வில் 120-க்குக் கீழே இறக்கப்பட்டவர்களுக்கு ஊனம் அதிகமானது. கொரியாவின் ஆப்டிமல் பி.பி. ஆய்விலும் 140-க்குக் கீழே இறக்கியது பலன் தரவில்லை. பெரிய குழாய் திறந்தாலும் அதற்கு அப்பாலுள்ள நுண்குழாய்கள் வீங்கியும் துணுக்குகளால் அடைபட்டும் கிடக்கும். அவற்றுக்குள் ரத்தத்தைத் தள்ள அழுத்தம் தேவை.

கால் நாடிக்கு ஓர் எளிய வேலை. கேத் லேபுக்கு அனுப்பும் முன்பே, பாதத்தின் மேற்புறம் நாடி துடிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்து, பால்பாயின்ட் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள், இரண்டு காலிலும். திரும்பி வந்ததும் அதே குறியில் விரல் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்பது உடனே தெரியும். பெருக்கல் குறி இல்லாமல், குளிர்ந்த ஏ.சி. அறையில், நள்ளிரவில் நாடியைத் தேடிக்கொண்டிருப்பதில் போகும் நேரம் காலுக்குக் கேடு.

தொடையில் 8 பிரெஞ்ச் அளவு ஷீத் (கருவிகள் தமனிக்குள் நுழையும் குழல்) போட்டிருப்பார்கள். மூடும் கருவி வைக்காவிட்டால், எடுத்தபின் 15 முதல் 20 நிமிடம் கையால் அழுத்த வேண்டும். அழுத்த வேண்டிய இடம் தோலில் தெரியும் துளை இல்லை. தமனியின் துளை அதற்கு இரண்டு விரல்கடை மேலே இருக்கிறது. துளையின் மேலேயே பஞ்சை வைத்து அழுத்தினால் வெளியே நிற்பதுபோல் தெரியும், உள்ளே வீங்கும். 4 முதல் 6 மணி நேரம் கால் நீட்டியபடி. பக்கவாதம் வந்தவர் வலியைச் சொல்லமாட்டார், பேச்சும் வராது. அதனால் துணியை விலக்கிப் பாருங்கள், போர்வைக்கு மேல் தடவிப் பார்ப்பது போதாது. முதுகு அல்லது இடுப்பில் முனகலோடு பி.பி. விழுந்து நாடி வேகமானால், வெளியே வீக்கம் இல்லாவிட்டாலும் வயிற்றின் பின்புறம் ரத்தம் சேர்கிறது என்று நினைத்து உடனே சி.டி.க்கு அனுப்ப வேண்டும்.

சிகிச்சை முடிந்த உடனே எடுத்த சி.டி.யில் மூளை வெள்ளையாகத் தெரிந்தால் வீட்டார் பயந்துவிடுகிறார்கள். பல நேரம் அது ரத்தம் அல்ல, பலவீனமான சுவர்வழி கசிந்த கான்ட்ராஸ்ட் மருந்து. டூயல் எனர்ஜி சி.டி. இருந்தால் உடனே பிரிக்கலாம். இல்லாவிட்டால் 24 மணி நேரத்தில் மறுபடி எடுக்க வேண்டும். மங்கினால் மருந்து, அப்படியே நின்றால் அல்லது பெரிதானால் ரத்தம். அதுவரை ரத்தம் நீர்க்கும் மருந்து எதையும் தொடங்காமல் இருப்பதுதான் புத்தி.

எப்போது உடனே டாக்டரை எழுப்ப வேண்டும்: அசைந்த கை மறுபடி விழுந்தால், பேச்சு மறுபடி குழறினால், புதிதாகக் கடும் தலைவலி, வாந்தி, வலிப்பு, தூக்கம் ஆழமாதல். முதல் இரண்டும் மறு அடைப்பாக இருக்கலாம், மற்றவை கசிவு. இரண்டுக்கும் முதல் வேலை சி.டி.

சாதாரண விஷயங்கள் சில: விழுங்கும் சோதனை முடியாமல் கஞ்சி கொடுக்காதீர்கள்; சர்க்கரை 140 முதல் 180-க்குள்; கிரியாட்டினின் பார்த்து, மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்கு எப்போது மறுபடி தொடங்குவது என்று கேளுங்கள்.

ரத்தம் நீர்க்கும் மருந்து: எப்போது, எது

சுவர் உரிந்திருப்பதால் பிளேட்லெட் ஒட்டும், ஆகவே உடனே ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். நெதர்லாந்தின் எம்ஆர் கிளீன் மெட் ஆய்வில் அப்படியே செய்து பார்த்தார்கள். சிகிச்சையின்போது இவற்றைக் கொடுத்தவர்களுக்கு மூளைக்குள் கசிவு அதிகமாகி ஆய்வை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 2022-ல் அது வெளியானது. அதனால் வழக்கம்: 24 மணி நேர சி.டி. தெளிவாக இருந்தால் ஆஸ்பிரின். நிரந்தர ஸ்டென்ட் வைத்தவர், டிசெக்ஷன் உள்ளவர் ஆகியோருக்கு மட்டும் கணக்கு வேறு. அதை அந்த இன்டர்வென்ஷன் டாக்டர் எழுதித் தர வேண்டும்.

இதயத்துடிப்பு ஒழுங்கின்மையால் கட்டி போனவருக்கு ஆஸ்பிரின் போதாது. சிறு வயதில் மூட்டுக்காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள், உலோக வால்வு போட்டவர்கள் நம் பக்கத்தில் இன்னும் கணிசம். இவர்களுக்குப் புதிய மாத்திரைகளான டாபிகாட்ரான், ரிவராக்சபான் வகைகள் கூடாது. உலோக வால்வில் டாபிகாட்ரான் கேடு செய்தது 2013-ல் தெரிந்தது. மூட்டுக்காய்ச்சல் வால்வு உள்ளவர்களிடம் ரிவராக்சபானை விட வார்ஃபரின் வகையே நல்லது என்பதை 2022-ன் இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. வார்ஃபரின் அல்லது அசிட்ரோம், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனை பார்த்து. முருங்கைக்கீரையும் மற்ற கீரைகளும் விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், மறுவாரம் ஒன்றுமில்லை என்று மாற்றாமல் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்க வேண்டியவை

நாகர்கோவிலில் மறுபடி ஏதாவது ஆனால் இங்குள்ள டாக்டருக்கு "கிளாட் எடுத்தாச்சு" என்ற ஒற்றை வரியால் பயனில்லை. கிளம்பும் முன் கேட்டு எழுதி வாங்குங்கள்: எந்தக் குழாய், எந்தப் பக்கம், எத்தனை இழுப்பு, எந்தக் கருவி, கடைசியில் எவ்வளவு திறந்தது (டிக்கி என்று அளவு போடுவார்கள், 2பி, 2சி, 3 ஆகியவை நல்லவை), வாசோஸ்பாசம், டிசெக்ஷன், துளை ஏதும் ஏற்பட்டதா, ஸ்டென்ட் உள்ளே விட்டிருக்கிறார்களா, எந்த வகை, தொடையில் மூடும் கருவி வைத்தார்களா, 24 மணி நேர சி.டி. முடிவு. ஆஞ்சியோ படங்களின் குறுந்தட்டையும் வாங்குங்கள், பில்லை விட அது முக்கியம். பின்னால் யாராவது எம்.ஆர்.ஐ. எடுத்து, குழாய்ச் சுவர் வெளுத்துத் தெரிகிறதே, இது குழாய் அழற்சியா என்று கேட்கும்போது, அந்தக் குழாயில்தான் வலை இழுக்கப்பட்டது என்று காட்ட இந்தச் சீட்டு வேண்டும். சிகிச்சைக்குப் பிந்தைய நாட்களில் அப்படி வெளுப்பது சகஜம். தேவையில்லாமல் ஸ்டீராய்டு தொடங்கிவிடக் கூடாது.

வீட்டில் மூன்று மாதம்

முதல் ஒரு வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம், குந்தி உட்காரும் கழிப்பறை வேண்டாம், குளத்திலும் வாய்க்காலிலும் கடலிலும் முங்க வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம்.

எண்ணெய் போட்டு உழிவது, வர்மம், தொக்கணம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். இந்த மாவட்டத்தில் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். கைகால் விறைப்புக்கு மெதுவாகத் தடவுவதை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம். கழுத்தில் மட்டும் குறைந்தது மூன்று மாதம் யாரும் கை வைக்கக் கூடாது. திருப்புதல், நெட்டி முறித்தல், அழுத்துதல் எதுவும் கூடாது. கைடு கத்தீட்டர் நின்ற இடத்தில் சின்னக் கிழிசல் இருந்தாலும் வெளியே தெரியாது, ஒரு திருப்பில் அது பெரிதாகிவிடும். தொடைத் துளை மேலேயும் எண்ணெய் வேண்டாம். ஆஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிடுபவர் கஷாயமோ சூரணமோ சேர்த்தால் ரத்தக்கசிவு கூடலாம். வைத்தியரிடம் மாத்திரைப் பட்டியலைக் காட்டுங்கள், டாக்டரிடம் கஷாயத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

உப்பு: கருவாடும் ஊறுகாயும்தான் பெரிய வில்லன்கள், மரச்சீனியோடு மீன்கறி சாப்பிடுவது அல்ல. பி.பி.யை வாரம் இரண்டு முறையாவது பார்த்து எழுதி வையுங்கள். புகைப்பழக்கத்தைக் கைவிடாதவருக்கு ஸ்டென்ட் உள்ளே அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. டிசெக்ஷன், ஸ்டென்ட், மிச்சச் சுருக்கம் உள்ளவர்களுக்கு மூன்று மாதத்தில் சி.டி. ஆஞ்சியோ அல்லது எம்.ஆர். ஆஞ்சியோ தேவை. சுத்தமாகத் திறந்த குழாய்க்கு எல்லோருக்கும் மறுபடம் எடுக்கத் தேவையில்லை.

உடனே 108 அழைக்க வேண்டியவை: புதிதாக ஒரு பக்கப் பலவீனம், ஒற்றைக் கண் சில நிமிடம் இருண்டு மீள்வது, இடி விழுந்ததுபோல் திடீர்த் தலைவலி, வலிப்பு. சில நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் போக வேண்டும். அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டியவை: ஒரு பக்கக் கழுத்துவலியோடு அதே பக்கக் கண்ணிமை தொங்குவது, காதுக்குள் நாடியோடு சேர்ந்து இரைச்சல் கேட்பது, தொடை இடுக்கில் துடிக்கும் வீக்கம். கடைசியாகச் சொன்னது தமனித் துளை மூடாமல் பக்கத்தில் ரத்தப்பை உருவாகியிருப்பதைக் காட்டலாம். அதன்மேல் ஒத்தடம் கொடுப்பதோ பிசைவதோ கூடாது. டாப்ளர் ஸ்கேன் உள்ள இடத்துக்குக் கூட்டிப்போனால், சின்னதாக இருக்கும்போதே ஸ்கேன் பார்த்தபடி அழுத்தியோ த்ராம்பின் ஊசி போட்டோ அறுவை இல்லாமல் மூடிவிடுவார்கள்.